காவலும் காட்சியும்: வேடந்தாங்கலில் குளிர்காலப் பறவை நோக்கலின் வரலாறு – ஏரிப்பாசன நோக்கில் ஒரு மறுவாசிப்பு

ஆய்வுச் சுருக்கம்

செங்கல்பட்டு மாவட்டம் மதுராந்தகம் வட்டத்திலுள்ள வேடந்தாங்கல், இந்தியாவின் மிகப் பழைய பறவைக் காப்பிடங்களுள் ஒன்றாகச் சுட்டப்படுவது. அதன் வரலாறு பெரும்பாலும் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேய ஆட்சியர் வழங்கிய ஓர் ஆணையிலிருந்தே தொடங்கப்படுகிறது. அவ்வாணையை இயற்கைப் பாதுகாப்பு ஆவணமாக அன்றி, போரால் சிதைந்த வேளாண் பகுதியில் குடிகளுக்கு அளிக்கப்பட்ட உறுதிமொழி வகையைச் சார்ந்ததாக வாசிக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருதுகோள். அவ்வாறு வாசிக்கும்போது, காக்கப்பட்டது ஏரி மட்டுமா, ஏரியோடு இணைந்த வயற்பரப்புமா என்னும் வினா எழுகிறது.

திறவுச்சொற்கள்: வேடந்தாங்கல், கவுல், ஏரிப்பாசனம், வலசை, ஆயக்கட்டு, பறவைக் காப்பிடம்.

முன்னுரை

பறவைகளின் பருவகாலப் போக்குவரத்தைக் கூர்ந்து நோக்கும் மரபு தமிழில் புதிதன்று. குமரித் துறையில் அயிரை மீனை உண்டு வடமலை நோக்கிப் பறக்கும் அன்னச் சேவலைப் பிசிராந்தையார் விளித்துப் பாடியது புறநானூற்றில் 67ஆம் பாடலாக இடம்பெற்றுள்ளது. குளிரில் நடுங்கியபடி மதுரையில் கிடந்த சத்திமுத்தப் புலவர் செங்கால் நாரையைத் தூது விடுத்த பாடலோ பள்ளிப் பிள்ளைகளும் அறிந்தது. இரண்டிலும் பறவை தென்முனைக்கு வந்து வடதிசைக்குத் திரும்புகிறது. கண்ணால் கண்டவரன்றிப் பிறர் இத்திசைக் குறிப்பைத் தருதல் அரிது.

ஆயினும் இவை தனிப் புலவரின் நோக்கு. ஓர் ஊர் முழுவதும் ஆண்டுதோறும் ஐப்பசி முதல் பங்குனி வரை பறவைகளைக் கவனித்திருப்பது வேறு வகையானது. அங்கே நோக்குதல் என்பது முதற்கண் காத்தலே; கண்டு மகிழ்தல் பிற்காலத்தது. இவ்வேறுபாடு பறவையியல் நூல்களில் போதிய அளவு பேசப்படவில்லை.

‘தாங்கல்’ என்னும் சொல்

வேடந்தாங்கல் என்பதற்கு ‘வேடர்கள் தங்கிய ஊர்’ என்ற பொருளே சுற்றுலாக் கையேடுகளில் வழங்குகிறது. வேட்டைக்களமாக இருந்த இடம் காப்பிடமாயிற்று என்னும் கதைக்கு அப்பொருள் வசதியானது. ஆனால் தொண்டைமண்டல வழக்கில் தாங்கல் என்பது நீரைத் தாங்கி நிற்கும் சிற்றேரியைக் குறிக்கும் சொல். பழவந்தாங்கல், ஐயப்பன்தாங்கல் முதலிய ஊர்ப்பெயர்கள் அவ்வழக்கின் எச்சங்கள். ஆகவே ‘வேடன் தாங்கல்’ என்று பிரித்து, பெயரின் தலைச்சொல்லாக ஏரியைக் கொள்வதே பொருத்தம். ஊருக்குப் பெயர் தந்தது வேட்டையாடியவன் தங்கிய குடிசையன்று, நீர்நிலை.

இது வெறும் சொல்லாராய்ச்சி ஆர்வம் அன்று. இவ்வூரின் பறவை வரலாறு பாசன வரலாற்றின் ஒரு கிளை என்பதற்குப் பெயரே முதற்சான்று.

கவுலும் வலசையும்

1763இல் ஆர்க்காட்டு நவாபு கிழக்கிந்தியக் கும்பினிக்கு அளித்த செங்கல்பட்டுப் பகுதி ‘ஜாகீர்’ எனப்பட்டது. 1767 முதல் 1774 வரை பார்னார்டு மேற்கொண்ட அளவைக்காகத் தொகுக்கப்பட்ட ஊர்க்கணக்குகளின் ஓலைச்சுவடிகள் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் உள்ளன. விளைச்சலிலிருந்து ஏரிப் பராமரிப்புக்கென ஊரார் தனியே பங்கு ஒதுக்கியிருந்த முறையை அவ்வகைக் கணக்குகள் காட்டுகின்றன. அளவை முடிந்து ஆறே ஆண்டுகளில், 1780இல், ஐதர் அலியின் படை கர்நாடகப் பகுதிக்குள் புகுந்தது. ஜாகீர் ஊர்கள் பலவும் பாழ்பட்டன. குடிகள் ஊரைவிட்டு அகன்றனர். கரை காப்பார் இன்றி ஏரிகள் உடைந்தன.

படைக்கு அஞ்சி மக்கள் ஊர்விட்டு ஓடுவதைக் குறிக்க அக்காலத்தில் வழங்கிய சொல் ‘வலசை’. இன்று அச்சொல்லைக் கேட்டவுடன் பறவையே நினைவுக்கு வருகிறது. பழைய அகராதிகளிலோ அது மனிதரின் துயரச்சொல். இவ்விரு பொருளும் ஒரே நிலப்பரப்பில், ஒரே தலைமுறைக்குள் சந்தித்த இடம் என்று வேடந்தாங்கலைக் கூறலாம்.

1794 முதல் 1798 வரை ஜாகீரின் ஆட்சியராக இருந்தவர் லயனல் பிளேஸ். அகன்ற குடிகளை மீளக் குடியேற்றுதலும் உடைந்த ஏரிகளைச் செப்பனிடுதலும் அவர் காலத்து நிருவாகத்தின் தலையாய பணிகள். யூஜின் இர்ஷிக் தம் 1994ஆம் ஆண்டு நூலில், பிளேசின் நடவடிக்கைகளை ஆள்வோருக்கும் ஆளப்படுவோருக்கும் இடையிலான உரையாடலின் விளைவாகக் காண்கிறார். மதுராந்தகம் ஏரிக்கரையை இராமபிரான் காத்ததாக வழங்கும் ‘ஏரி காத்த இராமர்’ கதையில் வரும் துரையும் இவரே; அக்கோயிலின் தாயார் சந்நிதியில் அவர் பெயர் பொறித்த கல்வெட்டு உள்ளது. ஆட்சியர் உள்ளூர் நம்பிக்கையைத் தழுவினார் என்பதைவிட, உள்ளூரார் ஆட்சியரைத் தம் ஏரியின் கதைக்குள் இழுத்துக்கொண்டனர் என்பதே சரியாகத் தோன்றுகிறது.

இந்தப் பிளேஸ்தான் வேடந்தாங்கல் ஊராருக்குப் பறவைகள் தொடர்பான ‘கவுல்’ வழங்கியவர். அதன் ஆண்டைப் பெரும்பாலான குறிப்புகள் 1798 என்றும், சில 1796 என்றும் தருகின்றன. ஆங்கிலேயப் படைவீரர்கள் ஏரியில் பறவைகளைச் சுட்டதாகவும், ஊரார் ஆட்சியரிடம் முறையிட்டு அதனைத் தடுக்கும் உரிமையை எழுத்தில் பெற்றதாகவும் மரபுச் செய்தி கூறுகிறது.

இங்கே ‘கவுல்’ என்ற சொல்லில் சற்றே நிற்க வேண்டும். குத்தகை உடன்படிக்கை என்பது அதன் ஒரு பொருள். அடைக்கலம், அச்சமின்றி வந்து செல்ல அளிக்கும் உறுதிமொழி என்பது மற்றொன்று. ஓடிப்போன குடிகளை ‘திரும்பி வாருங்கள், உங்கள் நிலத்துக்கும் விளைச்சலுக்கும் ஊறு நேராது’ என்று அழைக்க வருவாய்த்துறை பயன்படுத்திய கருவியும் கவுலே. வலசை போன மனிதருக்கு அளிக்கப்பட்ட அதே வகை ஆவணம், பருவந்தோறும் வந்து செல்லும் பறவைகளின் பொருட்டும் எழுதப்பட்டிருக்கிறது. ஆட்சியர் பறவை ஆர்வலராக இருந்திருக்கத் தேவையில்லை. ஊரார் தம் விளைச்சலுக்குரிய ஒரு மூலத்தைக் காக்கும்படி கேட்டனர். வருவாயில் கண்ணாக இருந்த நிருவாகம் அதற்கு இசைந்தது. இக்கவுலை நவீன இயற்கைப் பாதுகாப்பின் விடியலாகப் போற்றும் எழுத்துகள் அதன் ஆவண வகையைக் கவனியாமல் விடுகின்றன. முறையிட்டவர்களின் அறிவை மறைத்து, கையொப்பமிட்டவரின் கருணையை முன்னிறுத்துவதே அதன் விளைவு.

ஊராரின் வேண்டுகோளின்பேரில் 1858இல் இவ்வுரிமை புதுப்பிக்கப்பட்டது. கும்பினி ஆட்சி முடிவுற்று முடியாட்சி தொடங்கியதும் அதே ஆண்டு. அறுபது ஆண்டுகள் கழித்தும் ஊரார் அவ்வுரிமையை வற்புறுத்தினர் என்றால், இடைப்பட்ட இரண்டு தலைமுறையும் காவல் தொடர்ந்தது என்றே கொள்ள வேண்டும்.

எச்சமும் வயலும்

ஊரார் எதைக் காத்தனர்? வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பும். நீரில் பாதி மூழ்கி நிற்கும் கடப்ப மரங்களில் நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன், வெள்ளை அரிவாள் மூக்கன், பாம்புத்தாரா, நீர்க்காகம், வக்கா முதலியன கூடு கட்டும். சுற்றிலும் நீர் நிற்பதால் தரைவாழ் விலங்குகள் கூட்டை எளிதில் அணுக முடியாது. பறவைகளின் எச்சம் நீரில் விழுந்து கரைகிறது. தழைச்சத்தும் மணிச்சத்தும் மிகுந்த அந்நீர் மதகு வழியே ஆயக்கட்டு வயல்களுக்குப் பாய்கிறது. குஞ்சுகள் வளரும் மாதங்களிலேயே இப்பகுதியின் நவரைப் பட்டமும் தொடங்குகிறது. வேதியுரம் அறியாத நூற்றாண்டுகளில் இது சிறிய வரவன்று. தனித்துக் காட்ட வேண்டிய செய்தி, உழவர் இதனை நம்பிக்கையாக அன்றிக் கணக்காகவே அறிந்திருந்தனர் என்பதாகும்.

கணக்கின் மறுபக்கமும் உண்டு. நத்தைகுத்தி நாரையின் அலகிடையே உள்ள இடைவெளியும் அதன் பெயரும் அது உண்பது எதை என்று சொல்லிவிடும். அந்நத்தைகள் கிடைப்பது பெரும்பாலும் நெல்வயல்களிலும் சுற்றுவட்டச் சிற்றேரிகளிலும். வேடந்தாங்கல் ஏரியின் பரப்பு ஏறத்தாழ 30 எக்டேர் மட்டுமே. பல்லாயிரம் பறவைகளும் அவற்றின் குஞ்சுகளும் உண்ணும் மீனையும் நத்தையையும் தவளையையும் அவ்வளவு சிறிய நீர்ப்பரப்பு தர இயலாது. ஏரி அவற்றின் பள்ளியறை, உணவுக்களம் வயல். வயலில் உண்டு ஏரியில் எச்சமிட்டு, அந்நீர் மீண்டும் வயலுக்கே பாயும் சுழற்சியே அவ்வூரார் காத்த பொருள்.

நாளிதழ்களும் சில பாடநூல்களும் வேடந்தாங்கல் பறவைகளை ‘வெளிநாட்டு விருந்தினர்’ என எழுதிப் பழகிவிட்டன. சைபீரியாவிலிருந்து வந்து இங்கே முட்டையிடுகின்றன என்ற கூற்று இன்னும் வகுப்பறைகளில் ஒலிக்கிறது. இது பிழை. வடக்கிலிருந்து குளிர்காலத்தில் வரும் நீலச்சிறகி, ஊசிவால் வாத்து, தட்டைவாயன் போன்றவை இங்கே இரை தேடித் தங்குமேயன்றிக் கூடு கட்டா. அவற்றின் இனப்பெருக்கம் வடநாடுகளின் கோடையில் நிகழ்வது. இங்கே கூடமைப்பவை இந்நாட்டுப் பறவைகளே. மழையைப் பின்பற்றி ஏரிக்கு ஏரி இடம்பெயர்வன அவை. விருந்தினர் என்று சொல்லிவிட்டால் வருகையிடம் ஒன்றே போதும் என்றாகிவிடுகிறது. உள்ளூர்க் குடி என்றால் அதன் வயலையும் வாய்க்காலையும் பற்றிப் பேச வேண்டி வரும்.

துப்பாக்கியும் தொலைநோக்கியும்

19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியர் வளர்த்த பறவையியலில் துப்பாக்கியே முதற்கருவி. 1862 முதல் 1864 வரை ஜெர்டன் வெளியிட்ட இந்தியப் பறவைகள் பற்றிய தொகுதிகளும், 1879 முதல் 1881 வரை ஹியூமும் மார்ஷலும் வெளியிட்ட வேட்டைப் பறவைகள் பற்றிய நூலும் அக்காலப் போக்கின் அடையாளங்கள். சென்னை மாகாண அலுவலர்க்குக் குளிர்காலம் உள்ளான் வேட்டைக்குரிய பருவம். சுட்டு, தோலுரித்து, அளந்து எழுதிய அந்நோக்கின் அறிவியல் பயனை மறுப்பதற்கில்லை. எனினும் ஒரே பருவத்தில், ஒரே மாவட்டத்தில், சுடுதலைத் தடுக்கும் உரிமையைக் கையில் வைத்துக்கொண்டு ஓர் ஊர் பறவைகளை நோக்கியிருந்தது.

20ஆம் நூற்றாண்டில் தொலைநோக்கி துப்பாக்கியின் இடத்தைப் பிடித்தது. 1936இல் மாவட்ட ஆட்சியர் வேடந்தாங்கலைப் பறவைக் காப்பிடமாக ஏற்றார். சாலிம் அலியின் இந்தியப் பறவைகள் நூல் 1941இல் வெளிவந்தது. இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன் வேடந்தாங்கலைப் பற்றி விரிவாக எழுதியவர். அவருடைய தமிழ்க் கட்டுரைகளைச் சு. தியடோர் பாஸ்கரன் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்ற பெயரில் தொகுத்தளித்தது தமிழுக்குக் கிடைத்த நல்வாய்ப்பு. பறவைகளின் தமிழ்ப் பெயர்கள் வட்டார வழக்கிலிருந்தே வர வேண்டும் என்ற எண்ணம் தமிழில் வேரூன்ற இத்தகைய எழுத்துகள் துணைநின்றன. 1962இல் 1882ஆம் ஆண்டுச் சென்னை வனச் சட்டத்தின்கீழும், பின்னர் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழும் இவ்விடம் வந்தது. வனத்துறை கருவேல மரங்களை வளர்த்தது. கரைமீது நடைபாதையும் நோக்குக் கோபுரமும் அமைந்தன. 1987 முதல் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு சனவரி மாதங்களில் நடைபெறுகிறது. 2015 முதல் பொங்கல் விடுமுறை நாள்களில் தன்னார்வலர்கள் தமிழகமெங்கும் பறவைகளைக் கணக்கெடுக்கின்றனர். அறுவடைத் திருநாளையும் பறவைக் கணக்கையும் இணைத்த அப்பெயர் தற்செயலாகவே அமைந்திருக்கலாம். இக்கட்டுரையின் வாதத்துக்கு அது மிகவும் உகந்தது.

இவ்வளர்ச்சியில் ஒன்று நழுவியது. கரைமீது நிற்பவர்க்கு வயல் முதுகுப்புறத்தில் இருக்கிறது. கோபுரத்திலிருந்து நோக்குபவர் மரத்தையும் கூட்டையும் காண்கிறார்; பறவை எங்கே சென்று இரையுடன் மீள்கிறது என்பதைக் காண்பதில்லை. காவல் காட்சியானபோது ஏரி வயலிலிருந்து பிரிக்கப்பட்டது.

இவ்வகைக் காவல் வேடந்தாங்கலுக்கு மட்டும் உரியதன்று. சிவகங்கை மாவட்டத்தில் 1977இல் காப்பிடமான வேட்டங்குடிப் பகுதியின் ஊரார் பறவைகளின் பொருட்டுத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதைத் தவிர்ப்பவர்கள். வரித்தலை வாத்துகள் குளிர்காலத்தில் வந்து சேரும் நெல்லை மாவட்டத்துக் கூந்தன்குளமும் 1994இல் காப்பிடமாவதற்கு முன்பே ஊராரின் காவலில் இருந்ததே. மூன்றிடத்தும் ஊரார் முன்னே செல்ல, சட்டம் பின்னே வந்திருக்கிறது.

எல்லை

1998இல் தமிழக அரசு ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் ஆரமுள்ள பரப்பைக் காப்பிட எல்லையாக அறிவித்தது. அவ்வட்டத்துள் பிற ஏரிகளும் பட்டா நிலங்களும் குடியிருப்புகளும் அடங்கும். ஊரார் நடைமுறையில் அறிந்திருந்த பரப்புக்குச் சட்டம் மிக அருகே வந்தது அப்போதுதான். 2020இல் அந்த ஆரத்தை 3 கிலோமீட்டராகக் குறைக்கும் முன்மொழிவு எழுந்து, கடும் எதிர்ப்பைச் சந்தித்து, உயர் நீதிமன்றம் வரை சென்றது. 2022இல் ராம்சார் பட்டியலில் வேடந்தாங்கல் இடம்பெற்றது.

அவ்விவாதத்தில் இரு தரப்பும் கவுலைப் பெருமையுடன் நினைவுகூரலாம். ஆனால் அக்கவுலை எப்படி வாசிக்கிறோம் என்பதைப் பொறுத்து அது எத்தரப்புக்குச் சான்றாகும் என்பது மாறும். பறவைகள் தங்கும் ஓர் அழகிய ஏரியைத் துரை ஒருவர் காத்தார் என்று வாசித்தால், ஏரியும் சிறிதளவு சுற்றுப்புறமும் போதும் என்ற முடிவுக்கு வரலாம். உழவர் தம் விளைச்சலின் பொருட்டு முறையிட்டுப் பெற்ற உறுதிமொழி என்று வாசித்தாலோ, ஆயக்கட்டையும் பறவைகள் இரை தேடும் வயல்களையும் விலக்கிவிட்டு அவ்வுறுதிமொழிக்குப் பொருளே இல்லை.

எல்லைக்குள் நிலம் வைத்திருப்போரின் இடர்ப்பாட்டையும் இவ்விடத்தில் மறைக்கலாகாது. காப்பிட விதிகள் பட்டா நிலத்தின் பயன்பாட்டைக் கட்டுப்படுத்துகின்றன. அதற்கு ஈடாக அவர்கள் முன்னோர் பெற்றது போன்ற உறுதிமொழி எதுவும் எழுத்தில் இல்லை. பிளேஸ் காலத்துக் கவுலில் ஊரார் ஒரு தரப்பாக நின்றனர். 1998ஆம் ஆண்டு அறிவிக்கையில் அவர்கள் எல்லைக்குட்பட்டோர் மட்டுமே. காப்பிடத்தின் ஆரத்தை அளக்கும் கிலோமீட்டர் கணக்கைவிட இவ்வேறுபாடு கூடுதல் ஆய்வுக்குரியது. கிராமக் கணக்குகள், பாசனப் பதிவேடுகள், மதகு திறப்பு முறைகள் ஆகியவற்றைக் கணக்கெடுப்புத் தரவுகளோடு ஒப்பிட்டு நோக்கும் பணி அதற்குத் தொடக்கமாகும்.