குரங்கணியின் போர்வைகள்

அனுமந்தன்பட்டி வயல்வரப்பில் நின்று மேற்கே நோக்கினால் மலைத்தொடர் கண்ணை நிறைக்கும். கோடை இரவுகளில் அதன் சரிவுகளில் தீ செந்நூல்போல் ஓடுவதைச் சிறுவயது முதலே கண்டு வளர்ந்தோம். அது மனித உயிரைக் குடிக்கும் என்று 2018 மார்ச் 11 வரை நாம் எண்ணியதில்லை.

அந்த ஞாயிறன்று, போடிநாயக்கனூருக்கு மேலேயுள்ள குரங்கணி மலையில், கொழுக்குமலையிலிருந்து இறங்கிவந்த மலையேற்றக் குழுவினர் தீயில் சிக்கினர். சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பகுதிகளிலிருந்தும் வந்தவர்கள், பெண்களே மிகுதி. காய்ந்த புல்லில் பற்றிய தீ மேட்டை நோக்கி ஓடுகையில் வேகம் கொள்ளும். கீழே எழும் சுவாலை மேலுள்ள புல்லை முன்னதாகவே சூடேற்றிவிடுகிறது. மலையில் வாழ்பவர் இதை அறிவர். சமவெளி இளையோர் எவ்வாறு அறிவர்? சிலர் பள்ளத்தில் குதித்தனர். மருத்துவமனைகளில் பின்னர் இறந்தோரையும் சேர்த்து 23 உயிர்கள் போயின.

விமானப்படையின் ஹெலிகாப்டர்களும் வந்தன. ஆயினும் முதலில் மேலேறியோர் குரங்கணி ஊராரும் மலைவாழ் மக்களும் தோட்டத் தொழிலாளருமே. ஒற்றையடிப் பாதைகள் அவர்கள் கால்களுக்குத் தெரியும். இருளில், கம்புகளில் போர்வைகளைக் கட்டி, வெந்த உடல்களை அதில் கிடத்திச் சுமந்து இறக்கினர். தூக்குப்படுக்கை அங்கே இல்லை. வீட்டுப் போர்வை இருந்தது.

ஈராண்டுகளுக்குப் பின், மூணாறு அருகே பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6 இரவு மண் சரிந்து தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களைப் புதைத்தது. 70 பேர் மாண்டனர். மின்சாரமும் தொலைபேசியும் அற்றுப்போனமையால் செய்தி வெளியே எட்டவே பொழுது விடிந்துவிட்டது. அதுவரை துணையாக இருந்தவர்கள் அக்கம்பக்கத்தாரே.

2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் நாடு, மாநிலம், மாவட்டம் என மூன்று படிகளில் ஆணையங்களை அமைத்தது. உள்ளாட்சிகள் தம் அலுவலர்க்கும் ஊழியர்க்கும் பயிற்சியளிக்க வேண்டும் என்றும் விதித்தது. நன்று. ஆனால் குரங்கணியில் போர்வை சுமந்தவர்கள் ஊராட்சியின் ஊழியரல்லரே! 2016-இல் தொடங்கிய ‘ஆப்த மித்ரா’ திட்டம் பொதுமக்களையே தொண்டர்களாகப் பயிற்றுவிக்க முனைந்தது. எனினும் அதன் முதற்கட்டம் வெள்ள அபாயமுள்ள 30 மாவட்டங்களுக்கானது. காட்டுத்தீ அதன் கணக்கில் இல்லை.

சென்ற கோடையில் மீண்டும் மலையில் புகை கண்டோம். மேலே எவரேனும் சிக்கியிருந்தால் வழிகாட்ட யாரை அழைப்பது என்று நமக்குள் கேட்டுக்கொண்டோம். நினைவுக்கு வந்தவை மாடு மேய்க்கும் மூவரின் பெயர்கள். ஒருவரிடம் மட்டுமே தொலைபேசி இருந்தது.