புகையைப் பார்த்து நோய் சொன்ன காலம்

பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால், லாரி ஷெட்டில் காதில் விழும் சொற்கள் எனக்குப் பள்ளிப் பாடமாகவே கேட்கும். கராஜ், சேஸிஸ், ஷோஃபர் எல்லாம் பிரெஞ்சிலிருந்து வந்தவை. ஷோஃபர் என்றால் முதலில் நீராவி இயந்திரத்துக்குத் தீ மூட்டுகிறவர். வண்டி வழியில் நின்றுபோனால் பிரெஞ்சில் 'பான்' என்பார்கள். பாய்களைத் திருப்பிக் கப்பலை நகராமல் நிறுத்துவதற்கும் மாலுமிகள் அந்தச் சொல்லைத்தான் வைத்திருந்தார்கள். நம் கடற்கரைக்குப் பொருத்தமான சொல்.

நம் பக்கம் ஓடிய லாரிகளுக்கு இரண்டு பூர்வீகம். 1948இல் எண்ணூரில் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் 1955இல் அசோக் லேலண்ட் ஆனது. 1954இல் ஜெர்மனியின் டைம்லர் பென்ஸ் கூட்டில் ஜாம்ஷெட்பூரில் டாட்டா லாரி வந்தது. டீசலை அளந்து பீய்ச்சும் பம்ப்பை பாஷ் கம்பெனி 1927இல் பெருமளவில் செய்யத் தொடங்கியது. 1951இல் பெங்களூரில் மைக்கோ பிறந்தது. பெரும்பாலான லாரிகளில் பம்ப்பும் நாசிலும் மைக்கோதான்.

அன்றைய மேஸ்திரிக்குக் கருவி கண், காது, மூக்கு. கரும்புகை வந்தால் டீசல் அதிகம், காற்று குறைவு: ஏர் ஃபில்டர் அடைத்திருக்கும், நாசில் ஒழுகும், அல்லது பாரம் மிஞ்சியிருக்கும். நீலப்புகை என்றால் என்ஜின் ஆயில் எரிகிறது, ரிங் தேய்ந்துவிட்டது. சூடேறிய பிறகும் வெள்ளைப்புகை நிற்காமல் வந்து, ரேடியேட்டரில் குமிழி விட்டு, ஆயிலும் மோர்போல இருந்தால் ஹெட் கேஸ்கெட் போனது உறுதி.

என்ஜின் ஒரு பக்கமாக உதறினால், ஓடும்போதே நாசில் குழாயின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்துவார்கள். எதைத் தளர்த்தும்போது சத்தம் மாறவில்லையோ, அந்த சிலிண்டர்தான் வேலை செய்யவில்லை. டேங்க் வற்றி நின்றால் ஏர்லாக். கைப்பம்ப்பை அடித்துக் குமிழி நிற்கும்வரை டீசலை வெளியேற்ற வேண்டும். பெட்ரோல் அம்பாசிடர் கோடை வெயிலில் நின்றால், பெட்ரோல் பம்ப்மேல் ஈரத்துணி போட்டுக் காத்திருந்தால் போதும். தீப்பொறி வராவிட்டால் பாயிண்டை உப்புத்தாளால் தேய்ப்பார்கள்.

நான் குமாஸ்தா, ஸ்பேனர் பிடித்தவனல்ல. ஆனால் ஜீப்பின் லாக் புத்தகம் என் மேஜையில் இருந்தது. லிட்டருக்கு ஓடும் கிலோமீட்டர் மாதாமாதம் இறங்கினால், டிரைவர் சொல்வதற்கு முன்பே ரிப்பேர் பில் வரப்போகிறது என்று தெரிந்துவிடும். அதுவும் ஒருவகை நாடி பார்ப்பதுதான்.

மரக்காணம் உப்பு ஏற்றும் வண்டிகளுக்குத் தனி நோய் உண்டு. ஈர உப்பிலிருந்து சொட்டும் நீர் சேஸிஸையும் ஸ்பிரிங் பட்டையையும் பிரேக் குழாயையும் தின்னும். எல்லாவற்றையும்விடத் தொல்லை எர்த் ஒயர். ஹெட்லைட்டைப் போட்டு ஸ்டார்ட் செய்து பாருங்கள். விளக்கு செத்துப்போனால் பேட்டரியோ அதன் இணைப்போ கோளாறு. புது பேட்டரி வாங்குமுன் இணைப்புகளைச் சுரண்டித் துடைத்துப் பார்ப்பது நல்லது. உப்பு லாரிக்காரருக்கு ஒரு பேட்டரி விலை சின்னக் காசு அல்ல. மழைக்கு முன் உப்பைக் கரை சேர்க்க வேண்டிய நாளில் லாரி நின்றால், அளத்தில் வேலை செய்கிறவர்களின் கூலியும் அதோடு நிற்கும்.

2020 ஏப்ரல் முதல் பி.எஸ். 6 வண்டிகள். இப்போது பையன்கள் ஸ்கேனரைச் செருகி எண்ணைப் படிக்கிறார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நாசில் குழாயைத் தளர்த்தும் பழைய முறை இன்றைய அதிக அழுத்த என்ஜினில் ஆபத்தும்கூட. ஆனால் எர்த் ஒயர் துருப்பிடித்தால் ஸ்கேனரும் சம்பந்தமில்லாத கோளாறுகளை வரிசையாகக் காட்டும். முதலில் அந்த ஒயரைப் பார் என்று சொல்ல, உப்புக்காற்றில் பழகிய ஒரு மேஸ்திரி பக்கத்தில் வேண்டும்.

கீழ்புத்துப்பட்டு ஐயனார் கோயிலில் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்துப் புது வண்டி எடுக்கும் தம்பிகளுக்கு நான் சொல்வது இதுதான்: உங்கள் ஊரில் அப்படி ஒரு பெரியவர் இருந்தால், அவர் கை ஓய்வதற்குள் போய்க் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.