தென் லுவாங்குவா தேசியப் பூங்கா

கிழக்கு சாம்பியாவில், லுவாங்குவா ஆற்றையொட்டி ஏறத்தாழ 9,050 சதுர கி.மீ. பரப்பில் அமைந்த காடு. 1972இல் தேசியப் பூங்காவானது. காட்டை நடந்தே காணும் நடை சஃபாரியின் தாய்வீடு இது. 1950களில் நடை சஃபாரியைத் தொடங்கிய நார்மன் கார், முன்பு யானைக் கட்டுப்பாட்டு அலுவலராக இருந்தவர். சஃபாரி வருவாயில் உள்ளூர் மக்களுக்குப் பங்கு வேண்டும் என்று வலியுறுத்தியது அவரது பெரும் தொண்டு.

நடை சஃபாரியில் ஆயுதமேந்திய வனக்காவலர் முன்செல்ல, பயணிகள் ஒற்றை வரிசையில் பேசாமல் பின்தொடர்வர். காலடித் தடம், சாணம், காற்றின் திசை, பறவைகளின் எச்சரிக்கைக் குரல் என ஒவ்வொன்றையும் வழிகாட்டி விளக்குவார். ஜீப்பில் விரைந்து சிங்கத்தை மட்டும் தேடுவோருக்கு இந்த நுட்பங்கள் கிட்டா.

இரவு வாகன உலாவில் சிறுத்தையைக் காண வாய்ப்பு மிகுதி. ஆற்றில் நீர்யானைகள் திரளாக உள்ளன. தோர்னிகிராஃப்ட் ஒட்டகச்சிவிங்கி இப்பள்ளத்தாக்கில் மட்டுமே வாழ்கிறது. செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் செந்நிறப் பஞ்சுருட்டான்கள் கரையின் மண்சுவரில் வளைதோண்டிக் கூடமைக்கும் காட்சிக்காகவே பயணத்தைத் திட்டமிடலாம். நடைக்கு ஏற்றது வறண்ட பருவம். மழைக்காலத்தில் பல முகாம்கள் மூடப்படும்.