பிணைய வட்டும் தொடக்க நேர ஒழுங்கும்

யூனிக்ஸ் இயக்குதளத்தில் ஒவ்வொரு வட்டையும் ஒரே அடைவு மரத்தின் கிளையாகச் சேர்க்கும் செயலுக்கு மவுண்ட் என்று பெயர். கணினி இயங்கத் தொடங்கும்போது எந்த வட்டு எந்த அடைவில் சேர வேண்டும் என்பதை வரிவரியாகக் குறித்து வைக்கும் எஃப்எஸ்டேப் என்னும் சிறு கோப்பு, 1980இல் வெளியான பெர்க்லி யூனிக்ஸ் 4.0 பதிப்பில் வந்தது. அக்காலத்து வட்டுகள் யாவும் கணினியோடு வடத்தால் பிணைக்கப்பட்டிருந்தமையால், மின்சாரம் வந்தால் வட்டும் வந்துவிடும் என்ற எண்ணம் எழுதப்படாத விதியாக அக்கோப்புக்குள் குடியேறிவிட்டது.

அவ்விதி 1985இல் பொய்த்தது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் அவ்வாண்டு வெளியிட்ட என்எஃப்எஸ், அதாவது வேறொரு கணினியின் வட்டைத் தன் வட்டுபோலவே பயன்படுத்த உதவும் பிணையக் கோப்பு முறைமை, எஃப்எஸ்டேப்பில் தொலைவிலுள்ள வழங்கியின் பெயரையும் ஒரு வரியாக எழுத வழிசெய்தது. ஒன்றன் வட்டை மற்றொன்று பயன்படுத்தும் இரு கணினிகள் மின்தடைக்குப் பின் ஒருசேர எழுந்தால், மற்றது எழட்டும் என்று இரண்டும் காத்து நிற்க, எதுவுமே எழாமல் போகும் நிலை உண்டாயிற்று. இதற்கு மாற்றாகப் பிறந்ததே பிஜி என்னும் விருப்பக்குறி. முதல் முயற்சி தோற்றால் கணினி தன் போக்கில் தொடங்க, இணைக்கும் முயற்சி பின்னணியில் தொடரும். லினக்ஸில் முன்னணி முயற்சி இயல்பாக 2 நிமிடத்தோடு கைவிடப்படுகிறது, பின்னணி முயற்சியோ 10,000 நிமிடம், அதாவது ஒரு வாரத்துக்கு 80 நிமிடம் குறைவாக, நீடிக்கிறது; வழங்கிகளின் மீது அதை வகுத்தவர்களுக்கு இருந்த நம்பிக்கை பெரிதுதான்.

1980களின் இறுதியில் சன் நிறுவனமே இதைவிடச் சிறந்த தீர்வையும் கண்டது. ஆட்டோமவுண்டர் எனப்பட்ட அம்முறையில், தொடக்கத்தில் எதுவும் இணைக்கப்படுவதில்லை. எவரேனும் அந்த அடைவைத் தொடும்போதுதான் வட்டு தேடப்படும்.

தொடக்க வேலைகளை ஒன்றன்பின் ஒன்றாக இயக்கிய பழைய லினக்ஸ் முறையில், பிணையம் முன்னும் மவுண்ட் பின்னுமாக எண்ணிட்டு அடுக்கிய சிறுநிரல்கள், பிணையம் வருமுன்னே தொலைவட்டைத் தேடும் சிக்கலைப் பெரும்பாலும் மறைத்துவிட்டன. பயனர் உள்நுழைந்த பிறகே இணைப்புப் பெறும் வைஃபை மடிக்கணினிகள் அந்த மறைப்பைக் கிழித்தன. 2010இல் லென்னார்ட் போட்டரிங் அறிவித்த சிஸ்டம்டி, வேலைகளை ஒருங்கே இயக்கத் தொடங்கியதும் ஒழுங்கை வெளிப்படையாக எழுதியே தீர வேண்டியதாயிற்று. அதில் நெட்வொர்க் என்னும் இலக்கு பிணைய மேலாண்மை தொடங்கிவிட்டதை மட்டுமே குறிக்கும். முகவரி கிடைத்து இணைப்பு நிலைபெற்றதைக் குறிப்பது நெட்வொர்க்-ஆன்லைன் என்னும் வேறோர் இலக்கு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டு எழுதிய சேவைக் கோப்புகள் இன்றும் ஏராளம். என்எஃப்எஸ், விண்டோஸ் பகிர்வுகளுக்கான சிஐஎஃப்எஸ் ஆகிய வகைகளைத் தொலைவட்டுகள் என்று சிஸ்டம்டி தானே அறிந்துகொள்கிறது. பிணையம் வழியாக வட்டையே வழங்கும் ஐஸ்கசியில் எழுதப்படும் வகையோ உள்வட்டுகளுக்கும் எழுதப்படும் இஎக்ஸ்டி4 என்பதால், நெட்டெவ் என்னும் குறியைச் சேர்க்காவிட்டால் அது உள்வட்டாகவே கருதப்படும். அப்போது திரையில் 1 நிமிடம் 30 விநாடி வரை எண்ணிக்கை ஓடி முடிந்ததும் கணினி அவசர நிலைக்குள் விழுந்து நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்கும்.

உள்நுழைந்த பின் மவுண்ட் கட்டளையைக் கையால் இட்டதும் வட்டு உடனே இணையுமானால், பிழை முகவரியிலோ கடவுச்சொல்லிலோ இல்லை, வரிசையில்தான் உள்ளது என்று பெரும்பாலும் துணியலாம். அத்தகைய இடங்களில், பழைய ஆட்டோமவுண்டரின் கருத்தையே எஃப்எஸ்டேப்பின் ஒரு சொல்லாகச் சுருக்கிய எக்ஸ்-சிஸ்டம்டி.ஆட்டோமவுண்ட் என்னும் குறி, காத்திருப்பு நேரத்தைக் கூட்டுவதைவிட நன்கு பயன்படுகிறது.

கையால் இட்டாலும் இணையாத வட்டுகளின் கதை வேறு. விண்டோஸ் பகிர்வுகளுக்கான எஸ்எம்பி நெறிமுறையின் பாதுகாப்பற்ற முதல் பதிப்பை, 2017இல் வெளிவந்த லினக்ஸ் கர்னல் 4.13 இயல்புத் தேர்விலிருந்து நீக்கியதால், அப்பதிப்பை மட்டுமே அறிந்த பழைய சேமிப்புப் பெட்டிகள் கர்னலைப் புதுப்பித்ததும் இணைய மறுத்தன. அங்கே எவ்வளவு காத்திருந்தும் பயனில்லை. பெட்டியின் மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டும், அதற்கு வழியில்லையெனில் இடரை உணர்ந்து பழைய பதிப்பெண்ணை எஃப்எஸ்டேப் வரியிலேயே எழுத வேண்டும்.