ஆசனமும் அதிகாரமும்: சட்டநிரூபண சபை தரும் பாடம்

இலங்கையின் பிரதிநிதித்துவ ஆட்சி வரலாற்றை 1833 ஆம் ஆண்டிலிருந்து தொடங்குவது வழக்கம். கோல்புறூக், கமரோன் ஆகியோரின் விதப்புரைகளை அடுத்து அவ்வாண்டில் சட்டநிரூபண சபை உருவாக்கப்பட்டது. உத்தியோகத்தர் ஒன்பது பேருக்கும் உத்தியோகப்பற்றற்றோர் அறுவருக்கும் அதில் இடமளிக்கப்பட்டது. அந்த அறுவரில் மூவர் ஐரோப்பியர். சிங்களவர், தமிழர், பறங்கியர் ஆகியோருக்கு ஒவ்வோர் ஆசனமே கிட்டியது. அறுவரையும் நியமித்தவர் தேசாதிபதி. உத்தியோகத்தரோ அரசாங்கத்தின் பக்கமே வாக்களிக்கக் கடமைப்பட்டவர்கள். ஆகவே மக்களின் பெயரால் பேச இடமிருந்ததே தவிர, தீர்மானிக்க இடமிருக்கவில்லை. இராணுவச் செலவு தொடர்பான பிணக்கில் 1864 இல் உத்தியோகப்பற்றற்ற அங்கத்தவர்கள் பதவி துறந்தமை இந்த இயலாமையின் வெளிப்பாடேயாகும்.

நியமன முறையின் மற்றொரு தீங்கு தமிழ், முஸ்லிம் மக்களை நேரடியாகத் தொட்டது. தமிழ் அங்கத்தவரே முஸ்லிம்களுக்காகவும் பேசுபவராகக் கருதப்பட்டு வந்தார். அவ்வாசனத்தை வகித்த பொன்னம்பலம் இராமநாதன், இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என 1880 களில் வாதிட்டார். முஸ்லிம்கள் இதனைத் தமது தனித்துவத்தின் மறுப்பாகக் கண்டனர், ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907 இல் விரிவான மறுப்பு நூலொன்றை வெளியிட்டார். இதனிடையே 1889 இல் முஸ்லிம்களுக்கும் கண்டிச் சிங்களவருக்கும் தனித்தனி ஆசனங்கள் வழங்கப்பட்டன. எம்.சி. அப்துல் ரஹ்மான் முதலாவது முஸ்லிம் அங்கத்தவரானார். அந்த ஆசனம் நியாயமானதே. எனினும் அதுவும் தேசாதிபதியின் நியமனமாகவே வந்தது. ஒரு சமூகத்தின் சார்பில் யார் பேசுவது என்பதை அச்சமூகத்திடம் எவரும் கேட்கவில்லை. இரு சமூகங்களும் தம்முள் பேசித் தீர்த்திருக்க வேண்டியதை ஆட்சியாளரே தீர்த்து வைத்தனர்.

1911 இல் படித்த இலங்கையருக்கென ஒரு ஆசனம் தேர்தலுக்கு விடப்பட்டது. தகைமை பெற்ற வாக்காளர் மிகச் சிலரே. ஆயினும் இனபேதமின்றி வாக்களித்த அத்தேர்தலில் மார்க்கஸ் பெர்னாண்டோவை இராமநாதன் வென்றார். 1920 களின் சீர்திருத்தங்கள் உத்தியோகப்பற்றற்றோருக்குப் பெரும்பான்மையை அளித்தன. நிறைவேற்று அதிகாரமோ தேசாதிபதியிடமே எஞ்சியது.

1931 இல் டொனமூர் யாப்பு சர்வசன வாக்குரிமையை வழங்கி, இனவாரிப் பிரதிநிதித்துவத்தை ஒழித்தது. யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ், முழுமையான சுயராஜ்யம் இல்லை என்பதால் அவ்வாண்டுத் தேர்தலைப் பகிஷ்கரிக்கச் செய்தது. வடக்கின் நான்கு ஆசனங்கள் 1934 வரை வெறுமையாகவே கிடந்தன. 1936 இல் அமைந்த மந்திரி சபையில் தமிழரோ முஸ்லிமோ ஒருவரேனும் இடம்பெறவில்லை. நியமன முறையில் மறுக்கப்பட்டது தெரிவுரிமை; தெரிவுரிமை கிடைத்தபின் மறுக்கப்பட்டது அதிகாரப் பங்கு.

சிறுபான்மையோரின் அரசியல் பேச்சு இன்றும் ஆசனங்களின் எண்ணிக்கையிலேயே பெரிதும் சுழல்கின்றது. எண்ணிக்கை முக்கியமற்றது என நாம் கூறவில்லை. ஆனால் அந்த ஆசனத்திற்கு ஒருவரைத் தெரிவு செய்பவர் யார், அதில் அமர்பவரால் தீர்மானிக்கக்கூடியது எது என்னும் இரு வினாக்களையும் சேர்த்தே எழுப்ப வேண்டும். அவற்றைத் தமிழரும் முஸ்லிம்களும் ஒருவருக்காக மற்றவர் பேசுவதாக எண்ணாது, ஒருவரோடு மற்றவர் பேசி எழுப்புவதே பொருத்தமானதாகும்.