ஆல்ரவுண்டும் எந்திரத் தாளமும்

பாரதியின் குயில் தோப்பைத் தேடிக் கருவடிக்குப்பம் செல்வோர் பலர். அவ்வூரிலேயே, 1922இல் புதுவையில் மறைந்த சங்கரதாஸ் சுவாமிகளின் சமாதியும் உள்ளது. அதை நாடுவோர் சிலரே. தாள எந்திரங்களைப் பற்றி எழுதப் புகுந்த நமக்கு அவர் நினைவே முதலில் எழுந்தது.

சுவாமிகளின் வழிவந்த இசை நாடக மேடையில், ஆர்மோனியம், மிருதங்கக்காரர்களோடு 'ஆல்ரவுண்டு' என்றழைக்கப்படும் கலைஞரும் அமர்ந்திருப்பார். பபூன் தடுக்கி விழும் நொடியிலேயே அவருடைய அடியும் விழவேண்டும்.

1980இல் ரோஜர் லின் உருவாக்கிய எல்எம்-1, மெய்யான டிரம் ஒலிகளைப் பதிந்து வாசித்த முதல் தாள எந்திரம். நினைவகத்தின் விலை மிகுதியால், நீண்டொலிக்கும் பெரிய சிம்பல்கள் அதில் இடம்பெறவில்லை! 1986இல் 'புன்னகை மன்ன'னில் இளையராஜா கணினி இசையைக் கையாண்டார். 1992இல் 'ரோஜா' வந்தது.

ஒரே பதிவு திரும்பத் திரும்ப ஒலித்தால் காது பொய்யை உடனே கண்டுகொள்ளும். ஆகவே பின்வந்தோர் ஒரே டிரம்மை மென்மையாகவும் வன்மையாகவும் பலமுறை அடித்துப் பதிந்து, அவற்றை மாற்றி மாற்றி ஒலிக்கச் செய்தனர். காலப்பிரமாணத்தையும் மயிரிழை பிசகவிட்டனர். திரைப்பாடலில் நாமும் பலமுறை ஏமாந்திருக்கிறோம், மகிழ்ச்சியுடனேயே.

ஆனால் பபூன் இன்றிரவு எப்போது விழுவார் என்பதை முன்கூட்டிக் கோத்த தாளம் எங்ஙனம் அறியும்? மெல்லிசை மேடைகளின் 'ரிதம் பேட்' கலைஞர் இதற்கொரு வழி கண்டிருக்கிறார். ஒலி என்றோ பதிவானது. அடிக்கும் கணம் மட்டும், பாடகரின் முகம் பார்த்து, அவர் கையே தேர்வது.