வேப்பேரியில் உருவான வேதப்புத்தகம்: பெப்ரிசியுசின் விவிலியத் தமிழும் இறைப் பராமரிப்பு நம்பிக்கையும்

முன்னுரை

சென்னையின் மேற்குப் புறத்தில் வேலப்பன்சாவடி, குமணன்சாவடி, கரையான்சாவடி என ஊர்ப்பெயர்கள் அடுத்தடுத்து வருகின்றன. சாவடி என்பது வழிநடைப் பயணிகள் வெயிலுக்கும் இரவுக்கும் ஒதுங்கிய இடம். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் நடந்தும் வண்டியிலும் சென்றோர் தங்கிய நினைவை இப்பெயர்கள் இன்றும் தாங்கி நிற்கின்றன. அதே சாலையில் கிழக்கு நோக்கி நகருக்குள் சென்றால், கோட்டையை எட்டுவதற்கு முன் அதன் வடபுறத்தில் அமைவது வேப்பேரி. 18ஆம் நூற்றாண்டில் தமிழ்ச் சீர்திருத்தக் கிறித்தவர்களின் வேதப்புத்தகம் பெரும்பகுதி அங்குதான் உருப்பெற்றது. அதனை உருவாக்கிய யோகான் பிலிப் பெப்ரிசியுஸ் (1711–1791) அவ்வூரில் ஏறத்தாழ 40 ஆண்டுகள் வாழ்ந்தார். வேதத்தைப் பயில்தல், இறைவனின் பராமரிப்பை நம்புதல் ஆகிய இரண்டுமே அவர் மக்களுக்குப் போதித்தவை. முதலாவதில் அவர் பெற்ற வெற்றி விவிலிய மொழிபெயர்ப்பு வரலாற்றில் விரிவாகப் பேசப்படுகிறது. இரண்டாவது அவரைக் கடன்காரர் சிறைவரை கொண்டுசென்ற கதை, பெரும்பாலும் ஓரிரு வரிகளில் கடக்கப்படுகிறது. இவ்விரண்டையும் ஒருசேர நோக்க இக்கட்டுரை முயல்கிறது.

ஹாலேயின் பாடம்

பெப்ரிசியுஸ் செருமானியர். முதலில் சட்டம் பயின்று, பின்னர் ஹாலே நகருக்குச் சென்று இறையியல் கற்றார். தரங்கம்பாடிக்குச் சீகன்பால்கு 1706இல் வந்தது முதல் தமிழகத்துக்கு அருட்பணியாளர்களைப் பயிற்றி அனுப்பிய மையம் ஹாலேயே. அந்நகரின் அனாதை இல்லத்தை நிறுவிய ஆகஸ்டு எர்மன் பிராங்கே, 1695இல் தம் காணிக்கைப் பெட்டியில் கண்ட ஒரு சிறுதொகையைக் கொண்டு ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். சில ஆண்டுகளில் அது பேரில்லமாக வளர்ந்தது. கையில் ஒன்றுமில்லாத வேளையில் வேண்டிய பொருள் வந்து சேர்ந்த நிகழ்வுகளைப் பிராங்கே நூலாக எழுதி வெளியிட்டார். இறைவனின் பராமரிப்பு கண்கூடானது என்பதற்கு ஹாலே இல்லமே சான்று என அங்குப் பயின்றோர் கருதினர்.

ஆயினும் அவ்வில்லத்தில் மருந்துச் சாலை இருந்தது. அச்சகமும் நூல் விற்பனையும் இருந்தன. கணக்குகள் ஒழுங்காக எழுதப்பட்டன. பிராங்கேயின் நம்பிக்கைக்கு அடியில் ஒரு நிருவாகம் இருந்தது. இந்நிருவாக ஒழுங்கு வேப்பேரிக்கு முழுமையாக வந்து சேரவில்லை.

போர்களுக்கு நடுவே ஒரு பணி

பெப்ரிசியுஸ் 1740இல் தரங்கம்பாடி வந்தார். 1742 இறுதியில் சென்னை சென்று, அங்கு நற்செய்திப் பணியைத் தொடங்கியிருந்த பெஞ்சமின் சூல்ட்சேயின் பொறுப்பை ஏற்றார். இலண்டனின் கிறித்தவ அறிவு வளர்ச்சிக் கழகம் அப்பணிக்குப் பொருள் உதவியது. நான்கே ஆண்டுகளில், 1746 செப்டம்பரில், பிரெஞ்சுப் படை சென்னையைக் கைப்பற்றியது. வழிபாட்டு இடமும் இல்லமும் கைவிட்டுப்போக, அவர் தம் மக்களுடன் டச்சுக்காரர் வசமிருந்த பழவேற்காட்டில் ஒதுங்கினார். 1749இல் நகரம் மீண்டும் ஆங்கிலேயர் கைக்கு வந்தபின் வேப்பேரியில் குடியமர்ந்தார்.

இக்குடியமர்வில் ஒரு நெருடல் உண்டு. வேப்பேரிச் சிற்றாலயம் கத்தோலிக்கர்க்கு உரியது. அருமேனிய வணிகர் கோஜா பெத்ரூஸ் உஸ்கானின் கொடையுடன் தொடர்புடையது. பிரெஞ்சுக்காரருக்குத் துணைபோயினர் என்ற ஐயத்தின் பேரில் கத்தோலிக்கக் குருமார் அகற்றப்பட, அவ்விடம் அரசாணையால் சீர்திருத்த சபையினர்க்குக் கிடைத்தது. ஒரு சாராருக்கு இறைப் பராமரிப்பாகத் தோன்றியது மற்றொரு சாராருக்கு இழப்பு. வேப்பேரிப் பணியைப் புகழ்ந்து எழுதியோர் இதனை விரைந்து கடந்து போவது ஏற்கத்தக்கதன்று.

1758 டிசம்பரில் லாலியின் படை சென்னையை முற்றுகையிட்டது. வேப்பேரி சூறையாடப்பட, பெப்ரிசியுஸ் இரண்டாம் முறையாகப் பழவேற்காட்டில் அடைக்கலம் புகுந்தார். ஆனால் அப்போரின் போக்கு அவருக்கு எதிர்பாராத கருவியொன்றை அளித்தது. 1761 சனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்தபோது அங்கிருந்த அச்சுப்பொறி சென்னைக்குக் கொண்டுவரப்பட்டது. கும்பினியாரின் அச்சு வேலைகளை முதலில் முடித்துத் தர வேண்டும் என்ற நிபந்தனையுடன் அது பெப்ரிசியுசிடம் ஒப்படைக்கப்பட்டது. வேப்பேரி அச்சகம் இவ்வாறு போர்க் கொள்ளையிலிருந்து பிறந்தது.

மொழிபெயர்ப்பும் பயிற்சியும்

தமிழில் புதிய ஏற்பாடு முதன்முதலாகத் தரங்கம்பாடியில் 1714–1715இல் சீகன்பால்கின் மொழிபெயர்ப்பாக அச்சேறியது. பழைய ஏற்பாட்டை அவர் ரூத் நூல் வரையே முடித்திருந்தார். எஞ்சிய பகுதியை சூல்ட்சே நிறைவு செய்தார். முன்னோடிப் பணி என்ற வகையில் இவற்றின் மதிப்பு குறையாது. எனினும் மூலமொழியின் தொடரமைப்பு தமிழை நெருக்கிய இடங்கள் பல. பெப்ரிசியுஸ் இவற்றைத் திருத்தத் தொடங்கிப் புதியதொரு மொழிபெயர்ப்பையே ஆக்கினார். புதிய ஏற்பாடு 1772இல் வேப்பேரியில் அச்சாயிற்று. பழைய ஏற்பாட்டின் முதற்பகுதி 1777இல் வெளிவந்தது. இறுதிப்பகுதி அவர் மறைவுக்குப் பின்னரே அச்சேறியது. இடையே செருமானிய ஞானப்பாட்டுகளைத் தமிழாக்கினார். உடன்பணியாளர் பிரைத்தௌப்டுடன் இணைந்து 1779இல் தமிழ் – ஆங்கில அகராதியை வெளியிட்டார். அக்காலத்து ஐரோப்பியர் வழக்கப்படி அதன் தலைப்பில் தமிழ் 'மலபார்' மொழி எனக் குறிக்கப்பட்டது.

பெப்ரிசியுஸ் முழங்காலில் நின்று மொழிபெயர்த்தார் என்பது சபைகளில் வழங்கிவரும் மரபுச் செய்தி. அச்செய்தியின் மெய்ம்மையைவிட அது சுட்டும் மனநிலை கருதத்தக்கது. வேதம் செவிவழி சென்று நெஞ்சில் தங்க வேண்டிய நூல் என்பதே அவர் காலத்துப் பயிற்சிமுறையின் அடிப்படை. நூல் விலை மிகுந்தது; எழுத்தறிந்தோர் குறைவு. எனவே உபதேசியார் வாசிக்க, மக்கள் கேட்டு மனனம் செய்தனர். திண்ணைப் பள்ளியில் முறைவைத்து ஒப்பிக்கப் பழகிய சமூகத்துக்கு இது அயலான முறையன்று. வாய்விட்டு ஓதுவதற்கு ஏற்ற ஓசையும் நிறுத்தமும் அவருடைய நடையில் அமைந்தமைக்கு இப்பயன்பாடே காரணம் எனலாம்.

பராமரிப்பைச் சுட்டும் சொற்கள்

கடவுளைக் குறிக்கக் கத்தோலிக்க மரபும் சீகன்பால்கும் 'சருவேசுரன்' என்ற சொல்லை ஆண்டிருக்க, பெப்ரிசியுஸ் 'பராபரன்' என்பதைத் தேர்ந்தார். ஏறத்தாழ அதே நூற்றாண்டில் தாயுமானவர் பராபரத்தை முன்னிலைப்படுத்திக் கண்ணிகள் பாடியதை நினைவுகூர்ந்தால், அச்சொல் தமிழ்ச் செவிக்கு எத்தகைய நெருக்கத்தைத் தந்திருக்கும் என்பது விளங்கும். சருவேசுரன் ஆளும் தலைவனை முன்னிறுத்துவது. பராபரன் என்பதிலோ மேலான பரமும் இப்பாலான அபரமும் இணைந்து ஒலிக்கின்றன. 1871இல் வெளியான ஐக்கிய மொழிபெயர்ப்பு 'தேவன்' என்றும், 20ஆம் நூற்றாண்டுத் திருத்தம் 'கடவுள்' என்றும் மாற்றிக்கொண்டன.

பராமரிப்பு என்னும் சொல்லும் நோக்கத்தக்கது. பராமரித்தல் என்பதற்குப் பேணுதல் என்ற பொருளோடு ஆராய்தல் என்ற பொருளும் உண்டு. விசாரித்தல் என்ற சொல்லிலும் இவ்விரட்டை காணப்படுகிறது. பேதுருவின் முதல் நிருபத்தில், மனிதர் தம் கவலைகளைக் கடவுள்மேல் வைக்கலாம் என்பதற்குக் காட்டப்படும் காரணம், அவர் விசாரிக்கிறவர் என்பதே. ஐக்கிய மொழிபெயர்ப்பு ஆளும் இச்சொல் இன்றைய வாசகருக்குக் காவல்நிலையத்தை நினைவூட்டக்கூடும். ஆனால் கோயில் விசாரணைக் கர்த்தர் என்றும் பண்ணை விசாரிப்பு என்றும் வழங்கிய தமிழில், பொறுப்பேற்று நாளும் கவனித்தலே விசாரணை. நலம் விசாரித்தல் என்ற வழக்கு இன்றும் அதனைக் காக்கிறது.

கவலை என்ற சொல்லின் பழம்பொருள் கவர்த்த வழி. சங்க இலக்கியத்தில் பாலை நிலத்து வழிப்போக்கர் எத்திசை செல்வதெனத் திகைக்கும் இடம் கவலை. மலைப்பொழிவில் ஆகாயத்துப் பறவைகளையும் காட்டுப்பூக்களையும் சுட்டிக் கவலையை விலக்கும் பகுதியில் வரும் கிரேக்கச் சொல்லும் பிளவுண்ட மனத்தைக் குறிப்பதென உரையாசிரியர் சிலர் கருதுவர். இருமொழிச் சொற்களுக்கும் வேர்த்தொடர்பு ஏதுமில்லை. எனினும் சாவடிகள் நிறைந்த பெருவழியில் நடந்து பழகிய தமிழ் வாசகர்க்கு இப்பகுதி எளிதில் பொருள் தந்திருக்கும்.

கடனும் சிறையும்

பெப்ரிசியுஸ் மணம் செய்துகொள்ளவில்லை, எளிய வாழ்வினர். அவருடைய நேர்மையில் ஐயுறுவார் எவருமில்லை. அதனாலேயே மக்கள் தம் சேமிப்பை அவரிடம் வைத்தனர். அன்றைய சென்னையில், கைம்பெண்களும் பெற்றோரை இழந்தோரும் நம்பத்தக்க ஒருவரைத் தேடியது இயல்பு. அப்பணத்துக்கு வட்டி கிடைக்க வேண்டி அவர் அதனைப் பிறருக்குக் கடனாகக் கொடுத்தார்.

18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னையில் கடன் என்றால் அது ஆர்க்காட்டு நவாபின் நிழலில் நிகழ்ந்ததாகவே இருக்கும். நவாப் முகமது அலியின் கடன்கள் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் பேசுபொருளாகும் அளவு பெருகின. எட்மண்டு பர்க் 1785இல் அவற்றைக் குறித்து நீண்ட உரையாற்றினார். உயர்வட்டிக்கு ஆசைப்பட்ட கும்பினி அலுவலர் முதல் சிறுவணிகர் வரை அச்சுழலில் சிக்கினர். அத்தகைய நகரில் பெப்ரிசியுஸ் கொடுத்த பணம் திரும்பவில்லை. பணம் வைத்தோர் கேட்டபோது கொடுக்க அவரிடம் ஒன்றுமில்லை. முதுமையில், கடனுக்காக அவர் சிறைப்பட்டார்.

காலமும் கொடியது. 1780இல் ஐதர் அலியின் படை கருநாடகப் பகுதிக்குள் புகுந்தது. அவருடைய குதிரைவீரர் சென்னையின் புறநகர்வரை வந்தனர். சிற்றூர் மக்கள் நகரை நோக்கி ஓடிவந்தனர். தொடர்ந்து பஞ்சம் வந்தது. 1782இல் சென்னையில் கஞ்சி வார்க்கத் தொடங்கிய மணியக்காரர் சத்திரம் அப்பஞ்சத்தின் நினைவு.

பெப்ரிசியுசின் வீழ்ச்சியை எளிய மனத்தின் ஏமாற்றம் என்று மட்டும் விளக்குவது போதாது. வேதநூலைத் திருத்துகையில் ஒரு சொல்லுக்காக ஆண்டுக்கணக்கில் உழைத்தவர் அவர்; கவனமின்மை அவருடைய இயல்பன்று. ஆனால் அக்கவனத்தைப் பணத்தின்பால் செலுத்துவது நம்பிக்கைக் குறைவாகும் என அவர் எண்ணியிருக்க இடமுண்டு. தம் உணவையும் உடையையும் குறித்துக் கவலையின்றி இருப்பது ஒருவர் தமக்கென ஏற்கும் நோன்பு. பிறர் ஒப்படைத்த பொருளைக் குறித்துக் கவலையின்றி இருத்தல் அவ்வகையில் சேராது. அவரால் இழந்தோர் அவருடைய நோன்பை ஏற்றவர் அல்லர். விசாரித்தல் என்ற சொல்லின் பேணும் பொருளும் ஆராயும் பொருளும் ஒன்றையொன்று வேண்டி நிற்பதை இந்நிகழ்வைப்போலத் தெளிவாகக் காட்டுவது வேறில்லை.

1788இல் கெரிக்கே வேப்பேரிப் பொறுப்பை ஏற்றார். பெப்ரிசியுஸ் 1791 சனவரியில் மறைந்தார். பணத்தைத் திறம்படக் கையாண்ட கெரிக்கே 1803இல் இறந்தபோது, தம் உடைமையின் பெரும்பகுதியை வேப்பேரிப் பணிக்கே விட்டுச்சென்றார். இருவரும் ஹாலேயின் மரபினரே.

மனனம் செய்தோரின் எதிர்ப்பு

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரேனியுஸ் தமிழ் விவிலியத்தைத் திருத்த முற்பட்டார். பெப்ரிசியுசின் நடை கடினமானது என்பது புதிய அருட்பணியாளர்களின் கருத்து. இதனைத் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) கடுமையாக எதிர்த்தார். சுவார்ட்சிடம் வளர்ந்து பயின்ற அக்கவிஞர், திருத்தத்தைக் கண்டித்துத் தனியே எழுதினார். இவ்வெதிர்ப்பைப் பழமைப்பற்று என ஒதுக்கிய ஆய்வாளர் உளர். சாஸ்திரியார் சாதி வேறுபாட்டைச் சபைக்குள் காக்க முயன்றவர் என்பதால் அவ்வாறு கருதுவது எளிது. எனினும் அவர் எழுப்பிய வினா மொழி சார்ந்தது. மூன்று தலைமுறையினர் நோயிலும் சாவிலும் ஓதிய சொற்களை, தமிழைப் பிறமொழியாகக் கற்றவர் மாற்றுவதற்கு உரிமை எது என்று அவர் கேட்டார். வேதம் வந்தவர் கையிலிருந்து கற்றவர் கைக்கு மாறிவிட்டமைக்கு இக்கேள்வியே முதற்சான்று.

பெர்சிவலின் தலைமையில், ஆறுமுக நாவலரின் புலமைத் துணையுடன் யாழ்ப்பாணத்தில் உருவாகி 1850இல் வெளிவந்த மொழிபெயர்ப்பைத் தமிழகச் சபைகள் ஏற்கவில்லை. அடுத்து அமைந்த குழு, பவரைத் தலைவராகவும் முத்தையா பிள்ளையைத் தமிழ்ப் புலவராகவும் கொண்டு, பெப்ரிசியுசின் நடையை மீண்டும் அடிப்படையாக எடுத்துக்கொண்டது. அதன் விளைவே ஐக்கிய மொழிபெயர்ப்பு. லுத்தரன் சபையினர் அதன் பின்னரும் நெடுங்காலம் பெப்ரிசியுசின் பதிப்பையே வாசித்தனர். அவருடைய அகராதியும் தரங்கம்பாடியில் விரிவாக்கப்பட்டு 20ஆம் நூற்றாண்டிலும் மறுபதிப்புக் கண்டது.